பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல்: மதிப்பெண் வருகிறது, நிரல் வரவில்லை

வாசகர் கடிதம்:

நான் ஒரு சிறு நகரத்தில் தையல் வேலை செய்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படிக்கிறாள். இப்போது கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு. கணினி அறிவியலில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல்தான் வாங்குவாள். ஆனால் சென்ற வாரம் அவளே என்னிடம், "புத்தகத்தில் இருக்கிற புரோகிராமை எல்லாம் பார்க்காமல் எழுதிவிடுவேன் அம்மா, ஆனால் ஒரு நம்பரை மாற்றிக் கேட்டால் என்ன விடை வரும் என்று தெரியவில்லை" என்று சொல்லி வருத்தப்பட்டாள். இந்தப் பாடத்தில் உண்மையில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்? இப்படியே போய்ப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் தாக்குப்பிடிப்பாளா? மூத்த மகனுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி பழுதாகிக் கிடக்கிறது. எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டரில் பைத்தான் வகுப்புக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

கணினி ஆசிரியரின் பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் சொன்ன குறையை மேல்நிலை வகுப்பில் தாமாகக் கண்டுகொள்ளும் மாணவர்கள் மிகச் சிலரே. தொண்ணூற்றைந்து மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லூரியின் முதல் பருவத்தில் ஆய்வக ஆசிரியர் புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்த பிறகே பலருக்கும் இது தெரியவருகிறது. பொதுத்தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும் நிலையிலேயே அவளுக்கு இது தெரிந்துவிட்டதால், கலங்குவதற்குக் காரணம் இல்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை விளக்க, முதலில் பாடத்தில் என்ன இருக்கிறது என்பதையும், தேர்வு அதில் எதைக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் உங்கள் மகள் நிற்கிறாள்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போது புழக்கத்தில் உள்ள கணினி அறிவியல் பாடநூல் பதினொன்றாம் வகுப்புக்கு 2018-லும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-லும் வந்தது. அதற்கு முன்பு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஸ்டார் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளையும் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியையும் படித்தார்கள். எழுத்துத் தேர்வின் 150 மதிப்பெண்களில் சரிபாதியான 75, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே போனது. கணினி அறிவியல் என்றால் எளிதாகச் சென்டம் வாங்கும் பாடம் என்ற பேச்சு அந்தக் காலத்தில் பரவியது. பாடத்திட்டம் அடியோடு மாறிய பின்னும் பேச்சு மாறவில்லை.

பதினொன்றாம் வகுப்பு நூல் கணினியின் அடிப்படைகள், இரும எண்கள், செயற்பொறி, நினைவகம், இயக்க அமைப்பு ஆகியவற்றில் தொடங்குகிறது. அடுத்து, கணினியைத் தொடாமலேயே ஒரு சிக்கலை எப்படி அணுகுவது என்பதைப் பேசும் சில பாடங்கள் வருகின்றன. ஓநாய், ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் ஆற்றைக் கடக்க வைக்கும் பழைய புதிர் அங்கேதான் இருக்கிறது: ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் யார் எந்தக் கரையில் நிற்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், படகின் நிறமோ ஆற்றின் அகலமோ தேவையில்லை என்று மாணவர் உணர வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுப் பாடத்திலும் மிகச் சிறந்த பக்கங்கள் இவை என்பது என் கருத்து. வகுப்புகளில் மிக விரைவாகத் தாண்டப்படுவதும் இவைதாம், ஏனென்றால் இவற்றில் மனப்பாடம் செய்ய எதுவும் கிடைப்பதில்லை. இதன் பிறகு சி பிளஸ் பிளஸ் மொழி, மடக்குகள் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்குபவை), செயற்கூறுகள் (பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல் துண்டுகள்), அணிகள், இனக்குழுக்கள், மரபுரிமம் என்று நீண்டு, இணையப் பாதுகாப்பும் தமிழ்க் கணிமையும் நூலை முடித்துவைக்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பில் பதினாறு பாடங்கள். முதல் நான்கும் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, நெறிமுறை யுக்திகள் என்ற கருத்துப் பாடங்கள். தேடுதலும் வரிசையாக்கமும் இங்கே வருகின்றன. பிறகு பைத்தான் மொழி: மாறிகள் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்கள்), நிபந்தனைகள், மடக்குகள், சரங்கள் (எழுத்துத் தொடர்கள்), பட்டியல், டூப்பிள், செட், டிக்ஷ்னரி, இனக்குழுக்கள். அதையடுத்துத் தரவுத்தளமும் அதை வினவும் எஸ்.க்யூ.எல். மொழியும், கடைசியில் பைத்தானைத் தரவுத்தளத்துடன் இணைப்பதும் வரைபடம் வரைவதும். பள்ளியை முடிக்கும் ஒருவருக்கு இது சிறிய பாடத்திட்டம் அன்று. மத்திய வாரியப் பள்ளிகளில் இதே வகுப்புக்கு வைத்திருப்பதும் பெரும்பாலும் பைத்தானும் எஸ்.க்யூ.எல்லும்தான், அவர்களுக்கு வலையமைப்புப் பாடமும் ஒரு செயல்திட்டமும் கூடுதலாக இருக்கின்றன, செய்முறைக்கு 30 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாநில வாரியத்தில் படிப்பதால் உங்கள் மகள் பின்தங்கிவிட்டாள் என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனித் தேர்வு. நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறும், மூன்று மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறும் எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்திலும் 'அல்லது' உண்டு. இரண்டு மதிப்பெண் பகுதியில் 24-ஆம் வினாவும் மூன்று மதிப்பெண் பகுதியில் 33-ஆம் வினாவும் கட்டாயம். இந்த அமைப்பை உற்றுப் பாருங்கள். விட்டுவிட இடம் தாராளமாக இருக்கிறது. "வரையறு", "வேறுபாடு தருக", "வகைகளை விளக்குக" என்று கேட்கும் வினாக்களுக்குப் பாட இறுதி வினாக்களை நெட்டுருப் போட்டாலே விடை எழுதிவிடலாம். செய்முறைத் தேர்விலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பட்டியலிலிருந்தே நிரல் வருகிறது. ஆகவே ஒரு நிரல் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒருமுறைகூட யோசிக்காமல் மிக நல்ல மதிப்பெண் வாங்க இந்தத் தேர்வு இடம் தருகிறது. உங்கள் மகளைப் போன்றவர்கள் தடுமாறுவது "கீழ்க்கண்ட நிரலின் வெளியீடு என்ன?" என்ற வடிவில் வரும் சில வினாக்களில் மட்டுமே; கட்டாய வினாக்களில் இந்த வகை வந்துவிட்டால் அப்போது தப்பிக்கவும் வழியில்லை.

எனவே என் ஆலோசனை ஒன்றே ஒன்றைச் சுற்றியது. இனி ஒவ்வொரு நிரலையும் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது என்ன வெளியிடும் என்பதைக் கணினியின் உதவியின்றிக் காகிதத்தில் கணித்து எழுதுவதை அவள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். நிரலில் உள்ள ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் வரைந்து, மடக்கு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தக் கட்டத்தின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று வரிவரியாக எழுத வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒரு நிரலின் நடையை விரல் வைத்துத் தொடர்ந்து செல்ல முடிந்த மாணவருக்குத்தான் புதிய நிரலை எழுதவும் வருகிறது. இதற்கு விலக்காக ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மிக எளிய நிரலிலிருந்து தொடங்கலாம். மொத்தம் 0 என்று வைத்துக்கொண்டு, ரேஞ்ச் என்ற செயற்கூறுக்கு 2, 10, 2 என்ற மூன்று எண்களை (தொடக்கம், முடிவு, தாவும் அளவு) கொடுத்து, கிடைக்கும் ஒவ்வொரு எண்ணையும் மொத்தத்துடன் கூட்டும் நான்கு வரி நிரலை அவளிடம் கொடுங்கள். நெட்டுருப் போட்டவர்கள் பெரும்பாலும் 30 என்பார்கள். கட்டம் போட்டு எழுதினால் 2, 4, 6, 8 ஆகியவற்றோடு மடக்கு நின்றுவிடுவது தெரியும், இறுதி எண்ணான 10 சேராது, விடை 20. இதே நிரலில் 10-ஐ 11 ஆக்கினால் விடை 30 ஆகிறது, 12 ஆக்கினாலும் 30-லேயே நிற்கிறது. ஏன் என்று அவள் தன் வாயால் சொல்லிவிட்டால், ரேஞ்ச் பற்றிய எந்த வினாவும் அவளை இனி ஏமாற்றாது.

அடுத்தது, இரண்டு ஆண்டுகளில் இரண்டு மொழிகளைப் படிப்பதால் வரும் குழப்பம். சென்ற ஆண்டு சி பிளஸ் பிளஸ் மொழியில் 7-ஐ 2-ஆல் வகுத்தால், இரண்டும் முழு எண்கள் என்பதால், விடை 3 என்று படித்தாள். பைத்தானில் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் 3.5 வரும், 3 வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். அந்த இரட்டைச் சாய்கோடு எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்கும் என்பதால், கழித்தல் 7-ஐ 2-ஆல் அப்படி வகுத்தால் கழித்தல் 3 வராமல் கழித்தல் 4 வரும். உள்ளீடு வாங்குவதிலும் இதே போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் முழு எண் மாறிக்குள் வாங்கியது எண்ணாகவே இருக்கும். பைத்தானின் இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். 5, 3 என்று இரண்டு எண்களைத் தட்டச்சு செய்து அவற்றை அப்படியே கூட்டினால் 8-க்குப் பதில் 53 என்று வந்து நிற்கும். இன்ட் என்ற செயற்கூறால் எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். கைடுகளில் உள்ள நிரல்களில் இன்ட் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பதே இல்லை. அதை நீக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்பதுதான் சரியான பயிற்சி.

செய்முறைப் பட்டியலில், 1 முதல் 10 வரையிலான எண்களை ஒரு பட்டியலில் சேர்த்து அதிலிருந்து ஒற்றை எண்களை நீக்கும் நிரல் ஒன்று உண்டு. பட்டியலைச் சுற்றிவந்துகொண்டே நீக்கும் முறையில் அதை எழுதினாலும் 2, 4, 6, 8, 10 என்று சரியான விடையே வரும். இப்போது அதே நிரலுக்கு 1, 3, 5, 7, 8 என்ற பட்டியலைக் கொடுத்துக் கட்டம் போடச் சொல்லுங்கள். பைத்தான் இடங்களை 0-இலிருந்து எண்ணும். இடம் 0-இல் உள்ள 1 நீங்கியவுடன் மற்றவை ஓரிடம் முன்னே நகர்ந்துவிடுகின்றன. மடக்கோ இடம் 1-க்குப் போய்விடுகிறது. அங்கே இப்போது 5 இருக்கிறது. 3 யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கிறது. 7-ம் அப்படியே தப்பிக்க, முடிவில் 3, 7, 8 என்று இரண்டு ஒற்றை எண்கள் மிஞ்சுகின்றன. முதல் பட்டியலில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி இருந்ததால், தாண்டப்பட்டவை எல்லாம் இரட்டை எண்களாகவே அமைந்தன. அங்கே விடை சரியாக வந்ததற்கு நிரல் சரியாக இருந்தது காரணம் அன்று. நீக்காமல், இரட்டை எண்களை மட்டும் இன்னொரு பட்டியலில் சேர்ப்பது பிழையற்ற வழி. ஒரு நிரல் ஒரு முறை சரியான விடை தந்ததால் அது சரியான நிரல் ஆகிவிடாது என்பதை எந்த வரையறையையும்விட இந்தச் சின்னக் கணக்கு அழுத்தமாகக் காட்டும்.

சரத்தைத் தலைகீழாக்கும் நிரலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து ரெக்கார்டு நோட்டில் வெளியீட்டை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் மகளை அதில் "விகடகவி" என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொல் என்று நாம் சிறுவயதிலிருந்து அறிந்த இதைப் பைத்தான் ஏற்றுக்கொள்ளாது. நமக்கு ஐந்து எழுத்து. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் லென் செயற்கூறோ 7 என்று சொல்லும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் 'வி' என்பது ஒரே எழுத்தாக இல்லாமல், வகரமும் இகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதே காரணம். தலைகீழாக்கும்போது இகரக் குறி முன்னால் அநாதையாக வந்து நிற்கிறது, இன்னொரு குறி நகர்ந்து ககரத்தோடு ஒட்டிக்கொண்டு 'கி' ஆகிவிடுகிறது. எழுத்துகளை 'வி', 'க', 'ட', 'க', 'வி' என்று ஐந்து உறுப்புகள் கொண்ட பட்டியலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு அந்தப் பட்டியலைத் திருப்பினால் விடை சரியாக வரும். பதினொன்றாம் வகுப்பில் யுனிகோடையும் தமிழ்க் கணிமையையும் படித்தபோது அவை வெறும் ஒரு மதிப்பெண் வினாக்களாகத் தோன்றியிருக்கும். தமிழில் தேடுபொறியோ எழுத்துப்பிழை திருத்தியோ செய்ய முனைபவர்கள் முதல் நாளே எதிர்கொள்ளும் சிக்கல் இது.

தேடுதல் பாடத்தையும் இதே முறையில் படிக்கலாம். 10, 20, 30 என்று 100 வரை பத்து எண்களை எழுதி, ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாதியை ஒதுக்கும் இரும முறையில் 60-ஐத் தேடினால், இடங்களை 0-இலிருந்து எண்ணும்போது முதலில் 50, பிறகு 80, பிறகு 60 என மூன்று ஒப்பீடுகளில் கிடைத்துவிடும். இதுவரை பாடநூலே கொண்டுபோய்விடும். பட்டியலில் இல்லாத 65-ஐத் தேடினால் எத்தனை ஒப்பீட்டுக்குப் பின், எந்த நிபந்தனை உடைந்து, தேடல் நிற்கிறது என்று கேளுங்கள்: 50, 80, 60, 70 என நான்கு ஒப்பீடுகள், அதன் பின் மேல் எல்லை 5-க்கும் கீழ் எல்லை 6-க்கும் போய்விடுவதால் தேட இடமே இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்க உங்களுக்குக் கணினி தெரிந்திருக்கத் தேவையில்லை. அவள் நோட்டில் எழுதிய கணிப்பும் மறுநாள் பள்ளி ஆய்வகத்தில் கணினி காட்டிய விடையும் ஒன்றா என்று நீங்கள் பார்த்தால் போதும். ஒத்துப்போகாத நாள்தான் பயனுள்ள நாள். வேறுபாட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் வரை அடுத்த நிரலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தரவுத்தளப் பாடத்தில் நீங்கள் இன்னும் நேரடியாக உதவ முடியும். நீங்கள் வாடிக்கையாளர் பெயர், அளவு, துணி கொடுத்த நாள், கூலி, முன்பணம், பாக்கி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். அதை அவளிடம் கொடுத்து அட்டவணையாக வடிவமைக்கச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எதைக் கொண்டு பிரித்தறிவது என்ற கேள்வி எழும்போது, முதன்மைத் திறவுகோல் எதற்கு என்பது புரியும். ஒரே பெண் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனித்தனியாகத் தைக்கக் கொடுத்தால் அவருடைய தொலைபேசி எண்ணை இரண்டு முறை எழுதுவதா என்று யோசிக்கும்போது, வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணையும் தையல் வேலைகளுக்கு இன்னோர் அட்டவணையும் வைத்து இரண்டையும் ஓர் எண்ணால் இணைக்கும் முறையை அவளே கண்டுபிடித்துவிடுவாள். உறவுநிலைத் தரவுத்தளத்தின் அடிப்படை இதுதான். பிறகு பாக்கி வைத்திருப்பவர்களை மட்டும் எடுக்கவும், மாதவாரியாகக் கூலியைக் கூட்டவும் வினவல்களை எழுதச் சொல்லுங்கள். பாடநூலில் வரும் மாணவர் அட்டவணையில் விடை சரியா தவறா என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் நோட்டில் பாக்கி யார் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பாடங்களுக்கும் இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடத்தைத் தேர்வுக்குத் தேவையான அளவு படித்தால் போதும். அந்த நீண்ட நிரலைப் பதினேழு வயதில் முழுமையாகப் புரிந்துகொள்வதால் பெரிய பயன் விளையும் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் இரண்டு பாடங்களில் வரும் குறிமுறை பைத்தானாகவும் இல்லை, சி பிளஸ் பிளஸ்ஸாகவும் இல்லை என்று மாணவர்கள் திகைப்பதுண்டு. அது கருத்தை விளக்க மட்டுமே வந்தது, அதைக் கணினியில் இயக்கிப் பார்க்க முயல வேண்டாம்.

ஆய்வகத்தைப் பற்றி ஒரு சொல். வாரத்தில் கிடைக்கும் சில ஆய்வக வகுப்புகளில், கைடில் உள்ளதைத் தட்டச்சு செய்து, வெளியீடு வந்ததும் எழுந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பிழை வந்தால் ஆசிரியரை அழைக்கிறார்கள். உங்கள் மகள் வேண்டுமென்றே பிழை செய்து பார்க்கட்டும்: வரியின் முன்னிடைவெளியைக் கலைத்தால் இன்டென்டேஷன் எரர், மதிப்பே தராத மாறியைப் பயன்படுத்தினால் நேம் எரர், சரத்தையும் எண்ணையும் கூட்டினால் டைப் எரர். பிழைச்செய்தியின் கடைசி வரியில் பிழையின் வகையும் அதற்கு மேலே வரி எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் படித்துத் தானே திருத்தப் பழகியவர்கள் செய்முறைத் தேர்வில் பதறுவதில்லை. இச்செய்திகள் ஆங்கிலத்தில் வருவது தமிழ் வழி மாணவர்களுக்கு முதலில் மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அடிக்கடி வருபவை பத்துப் பன்னிரண்டு வகைகளே. ஒவ்வொன்றுக்கும் தமிழில் காரணம் எழுதி ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டால், கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும்போதும் அந்தப் பக்கம் உதவும். கருத்துகளைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டவர் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வதற்கு ஒரு பருவத்துக்கு மேல் ஆவதில்லை.

பொறியியல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிடப்படுகிறது. கணினி அறிவியல் மதிப்பெண் அதில் சேராது. பலர் இதைத் தாமதமாகத்தான் அறிகிறார்கள். எனவே சென்டம் வாங்குவதற்காகக் கணினி அறிவியலில் செலவழிக்கும் கூடுதல் மணிநேரங்களில் ஒரு பகுதியைக் கணிதத்துக்குக் கொடுப்பதே கட்-ஆஃபுக்கு நல்லது. கணினி அறிவியலில் நான் சொன்ன பயிற்சியை மதிப்பெண்ணுக்காக இல்லாமல் கல்லூரிக்காகச் செய்யட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு அவள் உரியவள். அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாள் என்பதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கோ பி.சி.ஏ.வுக்கோ விண்ணப்பித்தால் நிலைமை வேறு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை வைத்தே தரவரிசை என்பதால் இந்தப் பாடத்தின் மதிப்பெண்ணுக்கும் எடை உண்டு.

தாக்குப்பிடிப்பாளா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் வகுப்பில் உயிரியல் பிரிவிலிருந்து வந்து, அதுவரை ஒரு நிரலும் எழுதாதவர்களும் கணிசமாக இருப்பார்கள். கல்லூரிகள் அதை அறிந்து அடிப்படையிலிருந்துதான் தொடங்குகின்றன. அங்கே உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய முன்னிலை அவளுடைய மதிப்பெண் பட்டியலால் வராது. மடக்கைக் கண்ணால் தொடரத் தெரிந்திருந்தால் வரும். அது இல்லாமல், "எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்ற நினைப்போடு போய் முதல் சில வாரங்களைக் கோட்டைவிடுகிறவர்களும் உண்டு.

இப்போது பணம். பழுதான மடிக்கணினியை முதலில் ஒரு நம்பகமான பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அந்த வயதுடைய கணினிகளில் பெரும்பாலும் பேட்டரியோ வன்வட்டோதான் போயிருக்கும். மின்சாரத்தில் செருகிய நிலையிலேயே ஓடினாலும் நமக்குப் போதும். பைத்தான் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். எஸ்.க்யூ.லைட் என்ற சிறு தரவுத்தளம் அதனுடனேயே வருவதால் வினவல் பயிற்சிக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மடிக்கணினி உயிர்பெறாவிட்டால், கைபேசியிலேயே பைத்தானை இயக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. சிறு திரையில் தட்டச்சு செய்வது தொல்லைதான், ஆனாலும் காகிதத்தில் கணித்ததைச் சரிபார்க்க அது தாராளம்.

கம்ப்யூட்டர் சென்டர் வகுப்பை இந்த ஆண்டு தவிர்க்கலாம் என்பதே என் கருத்து. பொதுத்தேர்வு ஆண்டில் மாலை நேரத்தை அதற்குக் கொடுத்தால் கணிதத்துக்கான நேரம் குறையும். இத்தகைய வகுப்புகள் பலவற்றில் ஆயத்த நிரல்களைத் தட்டச்சு செய்யவைத்துச் சான்றிதழ் தருகிறார்களே தவிர, அவளுக்கு இப்போது தேவையான கணிக்கும் பயிற்சி கிடைப்பதில்லை. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான விடுமுறையில் சேர்க்க விரும்பினால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் அவளை உட்கார அனுமதிக்கும்படி கேளுங்கள். ஒரு கணினிக்கு எத்தனை பேர், மாணவர்கள் தாமாக எழுதும் நிரல்கள் எத்தனை, அவற்றை யார் படித்துத் திருத்துகிறார் என்ற மூன்றையும் விசாரியுங்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், அந்த ஒன்பதாயிரத்தைக் கல்லூரிக்கு வாங்க வேண்டிய கணினிக்காக எடுத்து வையுங்கள்.